புலி ஒன்று, சங்கம் பல: வெளிநாடு போன ஜப்பானியக் கராத்தே ஆசான் எப்படிப் பிழைத்தார்?

கராத்தே வகுப்புப் பலகைகளைக் கவனித்திருப்பீர்கள். வட்டத்துக்குள் ஒரு புலி. பக்கத்தில் நாலைந்து ஜப்பானிய எழுத்துகள். கீழே, "ஜப்பான் தலைமையகத்துடன் இணைக்கப்பட்டது" என்று ஒரு வரி. இரண்டு தெரு தள்ளிப் போனால் அங்கேயும் அதே புலி, அதே வரி, ஆனால் சங்கத்தின் பெயர் மட்டும் வேறு. இங்கே வாங்கிய பிரவுன் பெல்ட்டை அங்கே ஏற்கமாட்டார்கள். பிள்ளையை வகுப்பு மாற்றப் போன பெற்றோர் எரிச்சலோடு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் எது அசல்?

லண்டனிலும் பிலடெல்பியாவிலும் மிலானிலும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதில் வேண்டுமென்றால் 1960களில் ஜப்பானிலிருந்து வெளிநாடு போன ஆசான்கள் யார், அவர்களை யார் அனுப்பினார்கள், மாசாமாசம் அடுப்பு எரிய என்ன செய்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு எனோயெடா கெய்னோசுகே என்ற ஒருவரின் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் கற்பித்தவர்.

முதலில் சில சொற்கள்

டோஜோ என்பது பயிற்சிக் கூடம். சென்செய் என்றால் ஆசிரியர். பள்ளிக்கூட வாத்தியாரையும் டாக்டரையும்கூட ஜப்பானில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கட்டா என்பது எதிராளி இல்லாமல், வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு. குமிதே என்பது எதிராளியோடு மோதுவது. கறுப்பு பெல்ட்டுக்குக் கீழே உள்ள படிகளுக்குக் கியூ என்றும், கறுப்பு பெல்ட்டிலிருந்து மேலே போகும் படிகளுக்கு டான் என்றும் பெயர்.

இந்தப் படிகள் கராத்தேயோடு பிறந்தவை அல்ல, ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டவை. ஒகினாவா தீவில் கராத்தே வளர்ந்த காலத்தில் பெல்ட்டும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஒரு ஆசான், அவர் வீட்டு முற்றம், கைவிட்டு எண்ணக்கூடிய சில மாணவர்கள், அவ்வளவுதான். ஃபுனாகோஷி கிச்சின் முதன்முதலில் டான் பட்டங்கள் வழங்கியது 1924ல். பின்னாளில் வந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்தக் காகிதத்தைச் சுற்றியே நடந்தன என்பதால் அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வெளியூர் ஆசான்

ஃபுனாகோஷியே ஒரு வகையில் பிழைக்க வந்தவர்தான். ஒகினாவா தனி அரசாக இருந்து 1879ல் ஜப்பானோடு சேர்க்கப்பட்ட தீவு. பேச்சு வேறு, சாப்பாடு வேறு. அங்கே பள்ளி ஆசிரியராக வேலை பார்த்த ஃபுனாகோஷி, 1922ல் டோக்கியோவில் கல்வி அமைச்சகம் நடத்திய ஒரு கண்காட்சியில் செய்து காட்டப் போனார். அப்போது அவருக்கு 50 வயது தாண்டியிருந்தது. திரும்பி வரவில்லை. ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் காவலாளி வேலை கிடைத்தது. பகலில் வாசலைக் கூட்டுவார், அறைகளைச் சுத்தம் செய்வார். நேரம் கிடைக்கும்போது அதே இடத்தில் கராத்தே சொல்லிக்கொடுப்பார்.

அவர் செய்த இரண்டு காரியங்கள் இன்றுவரை நிற்கின்றன. ஒன்று, கலையைப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுபோனது. கெய்யோவில் தொடங்கி ஒவ்வொன்றாக மாணவர் சங்கங்கள் முளைத்தன. இன்னொன்று, பெயரையே மாற்றியது. "சீனக் கை" என்று எழுதப்பட்டு வந்த சொல்லை, உச்சரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றி "வெறுங்கை" ஆக்கினார்கள். ஊர் மாறிய கலை, புது ஊருக்கு ஏற்ற உடுப்பைப் போட்டுக்கொண்டது. அவருடைய புனைபெயர் ஷோட்டோ. அந்தப் பெயரிலிருந்துதான் அவருடைய கராத்தே பாணிக்கு ஷோட்டோகான் என்ற பெயர் வந்தது. பலகையில் இருக்கும் புலி, அவருடைய புத்தகத்துக்காக ஓவியர் கொசுகி ஹோவான் வரைந்து கொடுத்தது.

ஆசான் தயாரான விதம்

போருக்குப் பிறகு, 1949ல், ஃபுனாகோஷியின் மாணவர்கள் சேர்ந்து ஜப்பான் கராத்தே சங்கத்தை அமைத்தார்கள். சுருக்கமாக ஜே.கே.ஏ. தொழில்நுட்பப் பொறுப்பு முழுவதும் நகயாமா மசதோஷியின் கையில். இவர் 1950களின் நடுவில் தொடங்கிய பயிற்றுநர் வகுப்புதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை.

அந்த வகுப்பில் யார் வேண்டுமானாலும் சேர முடியாது. பல்கலைக்கழகப் பட்டம், டான் தகுதி, தலைமையகத்தின் ஒப்புதல் மூன்றும் வேண்டும். உடற்பயிற்சியோடு உடலியல், உளவியல், கற்பிக்கும் முறை என்று பாடங்களும் உண்டு, எழுத வேண்டிய கட்டுரைகளும் உண்டு. முதல் அணியில் முடித்தவர்களில் கனசாவா ஹிரோகாசுவும் மிகாமி தகயுகியும் அடக்கம். மலைக்குகையில் தவமிருந்து கற்ற வெள்ளைத்தாடிக் கிழவரைச் சினிமாவில் பார்த்துப் பழகிய நமக்கு, இது ஏதோ பி.எட். படிப்பு மாதிரித் தோன்றும். உண்மையும் கிட்டத்தட்ட அதுதான்.

இவர்களில் பலர் ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் என்பது இன்னொரு சுவையான விஷயம். தகுஷோகு பல்கலைக்கழகம் 1900ல் தொடங்கியபோது அதன் நோக்கமே தைவானுக்கு, அதாவது அப்போதைய ஜப்பானியக் குடியேற்ற நாட்டுக்கு, ஆள் தயார் செய்து அனுப்புவது. போருக்குப் பிறகு அனுப்பக் குடியேற்ற நாடு இல்லை. ஆனால் கடல் தாண்டிப் போய் வேலை செய்வதை இயல்பாக நினைக்கும் பழக்கம் அந்த வளாகத்தில் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. நகயாமாவும் அங்கே படித்தவர்தான். எனோயெடாவும் அப்படியே.

எனோயெடா 1935ல் ஃபுகுவோகாவில் பிறந்தார். சிறுவயதில் ஜூடோ. தகுஷோகுவில் சேர்ந்த பிறகுதான் கராத்தே. அங்கே கராத்தே அணியின் தலைவராகி, 1957ல் பட்டம் வாங்கினார். அப்புறம் ஜே.கே.ஏ. பயிற்றுநர் வகுப்பு. 1963ல் அகில ஜப்பான் போட்டியின் இறுதியில் ஷிராய் ஹிரோஷியை வென்று குமிதே பட்டம் பெற்றார். சுகர்னோ இந்தோனேசிய அதிபராக இருந்தபோது, அவருடைய மெய்க்காவலர்களுக்குச் சில மாதங்கள் பயிற்சி கொடுத்ததும் உண்டு.

கதவு திறந்தது எப்போது?

ஜப்பானியர்கள் விருப்பப்படி வெளிநாடு போகலாம் என்ற நிலை வந்ததே 1964 ஏப்ரல் 1 அன்றுதான். அதற்கு முன் வியாபாரம், படிப்பு, அரசு வேலை என்று காரணம் காட்டினால்தான் பாஸ்போர்ட். திறந்த பிறகும் ஆண்டுக்கு ஒரு பயணம், கையில் அதிகபட்சம் 500 டாலர் என்று கட்டுப்பாடு. ஆகவே ஒரு ஆசான் வெளியே போக அவரை அழைக்க அங்கே ஒருவர் வேண்டும், அனுப்ப இங்கே ஒரு சங்கம் வேண்டும். இந்த இரட்டைக் கயிறுதான் அவர் வாழ்நாள் முழுக்க இரண்டு பக்கமும் இழுத்தது.

அழைக்க ஆள் எப்படிக் கிடைத்தார்கள்? போருக்குப் பின் ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் அங்கேயே கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1953ல் அமெரிக்க விமானப்படை, ஜூடோ ஆசிரியர்களோடு நிஷியாமா ஹிதேதகா உள்ளிட்ட கராத்தே ஆசிரியர்களையும் தன் தளங்களுக்கு வரவழைத்தது. 1961ல் நிஷியாமா லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறினார், ஒகசாகி தெருயுகி பிலடெல்பியாவில், கனசாவா ஹவாயில். 1965ல் கனசாவா, எனோயெடா, காசே தைஜி, ஷிராய் நால்வரும் நாடு நாடாகச் செய்துகாட்டிக்கொண்டே போனார்கள். அந்தப் பயணத்தின் முடிவில் ஷிராய் மிலானில் நின்றுவிட்டார். காசே சில ஆண்டுகள் கழித்துப் பாரிஸில். கனசாவாவும் எனோயெடாவும் பிரிட்டனில்.

லிவர்பூலில் ஒரு புலி

பிரிட்டனில் அழைத்தவர் வெர்னான் பெல் என்ற ஜூடோ ஆசிரியர். 1957லேயே பிரிட்டிஷ் கராத்தே கூட்டமைப்பைத் தொடங்கியவர். கனசாவாவுக்கு லண்டனில் ஓராண்டு ஒப்பந்தம். எனோயெடாவுக்கு லிவர்பூல்.

துறைமுக நகரம், மழை, குளிர், புரியாத லிவர்பூல் உச்சரிப்பு. அவருக்கும் ஆங்கிலம் அதிகம் வராது. ஆனால் ரெட் டிரையாங்கிள் சங்கத்தில் அவருக்குக் கிடைத்த மாணவர்கள் கெட்டிக்காரர்கள்: ஆண்டி ஷெர்ரி, டெரி ஓ'நீல், பாப் பாய்ன்டன், பில்லி ஹிக்கின்ஸ். எனோயெடாவுக்கு "புலி" என்ற பட்டப்பெயர் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தது. படங்களில் முகத்தைப் பார்த்தாலே காரணம் புரியும்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வகுப்பின் அடிப்படைப் பாடம், முன்னேறிக் குத்துவது. ஜப்பானியப் பெயர் ஓய்-சுகி. முன்கால் முழங்கால் மடங்கி, பின்கால் நீண்டு நிற்கிறது. பின்கால் தரையை உரசியபடி உள்வாங்கி முன்னே வருகிறது. தலை உயரக் கூடாது. பாதம் தரையில் பதியும் அதே கணத்தில் கை நீள்கிறது, மறு கை இடுப்புக்கு இழுபடுகிறது, பின் குதிகால் தரையை அழுத்துகிறது. எல்லாத் தசைகளும் ஒரு கணம் இறுகி, உடனே தளர்கின்றன. அந்த இறுக்கத்துக்குக் கிமே என்று பெயர். குதிகால் எழும்பினால் தரையின் எதிர்விசை கைக்குப் போய்ச் சேராது. தோள் முன்னால் போனால் இடுப்பின் சுழற்சி வீண். இதை விளக்கப் பெரிய மொழி வேண்டாம். ஆசான் செய்து காட்டுவார், மாணவன் திருப்பிச் செய்வான், தப்பான இடத்தில் ஆசானின் விரல் போய்த் தொடும். "இச்சி, நி, சான், ஷி" என்று எண்ணிக்கை மட்டும் ஜப்பானியத்தில். ஆங்கிலம் வராத ஒருவர் லிவர்பூலில் பிழைக்க முடிந்ததற்கு இதுதான் காரணம் என்று சொல்லலாம். உலகத்தில் எந்த டோஜோவுக்குப் போனாலும் இன்றும் அதே எண்ணிக்கைதான்.

குமிதேயிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழுவேகத்தில் போகும் குத்து எதிராளியின் முகத்துக்கு ஒரு "சுன்" தூரத்தில் நிற்க வேண்டும். சுன் என்பது பழைய ஜப்பானிய அளவு, சுமார் 3 சென்டிமீட்டர். படாத அடிக்குப் புள்ளி தர வேண்டுமென்றால், "இது நிறுத்தப்படாவிட்டால் ஆளைச் சாய்த்திருக்குமா" என்று பக்கத்தில் நிற்கும் நடுவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆக, போட்டியில் வென்றவர் யார் என்பதும் சரி, பெல்ட்டுக்குத் தகுதியானவர் யார் என்பதும் சரி, கடைசியில் ஆசானின் கண்ணையே நம்பியிருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் கடிகாரம் இருக்கிறது. இங்கே கடிகாரமும் ஆசானே. சங்கங்கள் உடைந்த கதையைப் புரிந்துகொள்ள இதை விட்டுவிடக் கூடாது.

வரும்படி எங்கிருந்து?

எனோயெடா பின்னர் லண்டனுக்கு இடம் மாறினார். சோஹோ பகுதியில் மார்ஷல் தெரு நீச்சல்குளக் கட்டிடத்தில் அவருடைய டோஜோ பல ஆண்டுகள் நடந்தது. இப்படி ஊன்றிய ஒரு ஆசானுக்குப் பணம் வரும் வழிகள் இவை:

1. டோஜோவில் நேரடியாகக் கற்பவர்கள் கட்டும் மாதக் கட்டணம். பெரிய தொகை இல்லை. கட்டிட வாடகை போக மிஞ்சுவது கொஞ்சம்.

2. சுற்றுப்பயணம். மாணவர்கள் ஊர் ஊராகத் தொடங்கிய கிளைகளுக்கு ஆசான் மாதத்துக்கு ஒரு ஊர் என்று போவார். ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஒரு விளையாட்டு அரங்கம்.

3. கோடை முகாம். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் எனோயெடா ஆண்டுதோறும் நடத்திய முகாமுக்கு வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஜப்பானிலிருந்து விருந்தினர் ஆசான்களும் வருவார்கள்.

4. பெல்ட் தேர்வுக் கட்டணம். ஒவ்வொரு கிளையிலும் சில மாதங்களுக்கு ஒருமுறை தேர்வு. ஆசான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். எதிரே வரிசையாக மாணவர்கள் அடிப்படை அசைவு, கட்டா, குமிதே என்று மூன்றையும் செய்து காட்ட வேண்டும்.

5. டான் பதிவு. கறுப்பு பெல்ட் வாங்கியவரின் பெயர் டோக்கியோ தலைமையகத்தில் பதிவாகி, சிவப்பு முத்திரையோடு சான்றிதழ் வரும். அதற்குத் தனிக் கட்டணம்.

வீட்டை ஓட்ட முதல் மூன்று வழிகள் போதும். ஆனால் நான்காவதும் ஐந்தாவதும் வேறு ரகம். அவற்றில் பணத்தோடு அதிகாரமும் கைமாறுகிறது. டோக்கியோவின் முத்திரை இருப்பதால்தான் ஆசானின் சான்றிதழுக்கு மதிப்பு. ஆசான் மாணவர்களைச் சேர்ப்பதால்தான் டோக்கியோவுக்குப் பெருமையும் வருமானமும். இருவரும் ஒருவரையொருவர் நம்பி இருந்தவரை பிரச்சினை இல்லை.

சங்கம் உடைவது எப்படி?

கராத்தேக்காரர்களின் தன்முனைப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. தன்முனைப்பு எந்தக் கலையில் இல்லை? உடைவதற்கான இடங்கள் அமைப்பிலேயே இருந்தன.

1. அழைத்தவருக்கும் ஆசானுக்கும் இடையே. கனசாவாவின் ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அவரை விட மனமில்லாத மாணவர்கள் பெல்லின் கூட்டமைப்பிலிருந்து விலகி, 1966ல் கிரேட் பிரிட்டன் கராத்தே ஒன்றியத்தை அமைத்தார்கள். கனசாவா பின்னர் ஜெர்மனிக்குப் போக, எனோயெடா அதன் தலைமைப் பயிற்றுநர் ஆனார்.

2. ஆசானுக்கும் தலைமையகத்துக்கும் இடையே. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரு நாட்டில் வேரூன்றியவருக்கு, "உயர் டான்களை நான் ஏன் தரக்கூடாது" என்ற கேள்வி இயல்பாக எழும். கனசாவா 1970களின் பிற்பகுதியில் ஜே.கே.ஏ.வை விட்டுத் தனியாக உலக அமைப்பு தொடங்கினார். ஒகசாகியின் அமைப்பு 2007ல் விலகியது.

3. தலைமையகத்துக்குள்ளேயே. நகயாமா 1987ல் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜே.கே.ஏ. இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் நகஹாரா நொபுயுகி, மறுபக்கம் அசாய் தெத்சுஹிகோ. இரண்டு தரப்புமே "நாங்கள்தான் ஜே.கே.ஏ." என்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1999ல் நகஹாரா தரப்புக்குத் தீர்ப்பானது. அசாய் வேறு பெயரில் புதிய அமைப்பு தொடங்கினார். நடுவில் போன ஆண்டுகளில் வெளிநாட்டு ஆசான்கள் யாருடைய முத்திரையை வாங்குவது என்று தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது.

4. ஆசான் போன பிறகு. இதுதான் பலருக்குத் தெரியாத இடம், எனோயெடா விஷயத்தில் கண்கூடாக நடந்ததும் இதுதான். 2003 மார்ச் 29 அன்று டோக்கியோவில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வயது 67. அவர் இருந்தவரை "பிரிட்டிஷ் ஒன்றியம்", "ஜப்பான் தலைமையகம்" என்ற இரண்டையும் ஒரே ஆளின் உடம்பு இணைத்து வைத்திருந்தது. அவர் போனதும் அந்த முடிச்சு அவிழ்ந்தது. லிவர்பூல் காலத்து மாணவர் ஆண்டி ஷெர்ரியின் தலைமையில் ஒன்றியம் தன் வழியில் தொடர்ந்தது. எனோயெடாவின் நெடுநாள் உதவியாளர் ஓதா யோஷினோபுவின் தலைமையில் ஜே.கே.ஏ. இங்கிலாந்து என்ற அமைப்பு தனியாக எழுந்தது.

இதில் யார் அசல்? இரண்டு பக்கமும் சொல்லிக்கொடுக்கும் கட்டா ஒன்றுதான், ஆசான் ஒருவர்தான். முத்திரை மட்டும் வேறு.

மாணவர் ஜெயித்தபோது

கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆசான்களின் வேலை எவ்வளவு நன்றாக நடந்தது என்பதற்குச் சாட்சி, அவர்களுடைய சொந்த நாடு தோற்றதுதான். 1972ல் பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் லிவர்பூலின் பில்லி ஹிக்கின்ஸ் தனிநபர் குமிதேயில் இரண்டாம் இடம் வந்தார். 1975ல் அமெரிக்காவின் லாங் பீச்சில் பிரிட்டிஷ் அணி இறுதியில் ஜப்பானையே வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. எனோயெடா வந்து இறங்கிப் பத்தே ஆண்டுகள். அந்த அணியை உருவாக்கியதில் ஷோட்டோகான்காரர்களுக்கு மட்டும் பங்கு என்று சொல்ல முடியாது. வாடோ பாணியின் சுசுகி தத்சுவோவும் 1960களிலிருந்தே பிரிட்டனில் கற்பித்துக்கொண்டிருந்தார். 1990ல் சண்டர்லாந்தில் நடந்த ஷோட்டோகான் உலகக் கோப்பையிலும் பிரிட்டிஷ் அணியிடம் ஜப்பான் குமிதேயில் தோற்றது.

இதன் விளைவு யோசிக்கத் தக்கது. ஜப்பானியர் என்பதாலேயே ஒருவருக்குக் கிடைத்து வந்த மரியாதை, மாணவர்கள் ஜெயிக்க ஜெயிக்கக் குறையத் தொடங்கியது. "எங்களிடமே எட்டாவது டான் இருக்கும்போது டோக்கியோவுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்ற கேள்வி பிறந்தது இங்கேதான். நன்றாகக் கற்பித்த ஆசான், தன் அடுத்த தலைமுறை ஜப்பானிய ஆசானின் வேலைவாய்ப்பைக் குறைத்துவிட்டார்.

சரி, அந்தச் சான்றிதழ் செல்லுமா?

பெற்றோரின் கேள்விக்கு வருவோம். டான் சான்றிதழ் என்பது ஒரு தனியார் சங்கம் தன் உறுப்பினருக்குக் கொடுக்கும் தாள். அரசுப் பட்டம் மாதிரி எல்லா இடத்திலும் செல்ல வேண்டும் என்று சட்டம் கிடையாது. விளையாட்டு ஒதுக்கீடு என்று போகும்போது கேட்கப்படுவது போட்டிச் சான்றிதழ். அதை நடத்தியது அங்கீகாரம் உள்ள தேசியக் கூட்டமைப்பா என்பதுதான் அங்கே விஷயம். பெல்ட்டின் நிறத்துக்கு அங்கே வேலையில்லை.

ஒலிம்பிக் விவகாரம் இன்னும் தனி. 2021 ஆகஸ்டில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் கராத்தே இடம்பெற்றது. 2024ல் பாரிஸில் இல்லை, 2028க்கான லாஸ் ஏஞ்சலிஸ் பட்டியலிலும் இல்லை. போட்டி நடத்தும் உலகக் கூட்டமைப்பு வேறு, டான் வழங்கும் பாணிச் சங்கங்கள் வேறு என்பதால், ஒலிம்பிக்கிலிருந்து போனதால் யாருடைய கறுப்பு பெல்ட்டும் செல்லாமல் போய்விடவில்லை.

வகுப்பு மாற்றப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார், கையெழுத்துப் போட்டவர் பிள்ளையின் கட்டாவை எதிரே உட்கார்ந்து பார்த்தாரா. மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் பதில் வராது. பலகையில் புலி எவ்வளவு பெரிதாக இருந்தாலும்.